தாய்க்குழாயும் கிளைக்குழாயும்: துளைக்கு ஈடு செய்யும் முறை

கிளை என்னும் சொல் தமிழில் மரத்தின் கொம்பையும் குறிக்கும், சுற்றத்தையும் குறிக்கும். ஒன்றிலிருந்து பிரிந்தும், பிரிந்த இடத்தில் அதனோடு பிணைந்தும் நிற்பது எதுவோ அது கிளை. ஆலைகளில் ஓடும் இரும்புக் குழாய்களுக்கும் கிளைகள் உண்டு. அக்கிளைகள் தாய்க்குழாயோடு பிணையும் இடத்தைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று அக்குழாய்களின் அருகே நின்றுதான் பிழைக்கின்றனர் என்பதே என் விடை.

சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்று, பின்னர்த் தொழிற்பயிற்சி பெற்று, இப்பொழுது ஆலைகளில் நீராவிக் குழாய்களைப் பற்றவைக்கும் வெல்டராக இருக்கிறார். ஓர் ஆலையை நிறுத்திப் பழுதுபார்த்த நாட்களில், 8 அங்குலத் தாய்க்குழாயிலிருந்து 4 அங்குலக் கிளை ஒன்றை எடுக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வந்து சேர்ந்த இணைப்புறுப்போ 6 அங்குலத் தாய்க்குழாய்க்கு உரியது. “அடியைக் கொஞ்சம் தேய்த்து, இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பிவிடு” என்றார் மேற்பார்வையாளர். இவர் மறுத்தார். பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் தந்தால் செய்வதாகக் கூறினார். ஒப்புதல் வரவில்லை, சரியான உறுப்பு வந்து சேர இரண்டு நாட்கள் ஆயின, ஆலையும் இரண்டு நாட்கள் தாமதித்தே ஓடத் தொடங்கியது. அடுத்த வேலைக்கு அவரை அழைக்கவில்லை.

“ஐயா, நான் செய்தது சரிதானா? சரி என்று எனக்குத் தெரிகிறது. ஏன் சரி என்று வீட்டில் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை” என்று அவர் கேட்டார். அன்று என்னாலும் விடை கூற இயலவில்லை. அதன் பின்னர் நூல்களைப் படித்தும் கணக்கிட்டுப் பார்த்தும் அறிந்ததை ஈண்டு எழுதுகிறேன்.

துளையால் போவது என்ன?

நீராவியோ எண்ணெயோ அழுத்தத்துடன் நிறைந்துள்ள குழாய் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உள்ளிருக்கும் அழுத்தம் சுவரை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுகிறது. அத்தள்ளுதலைத் தாங்கிக்கொள்வது குழாயின் சுற்றுச்சுவர். பீப்பாய்க்கு இட்ட இரும்பு வளையம் எவ்வாறு சுற்றிலும் இழுபட்டு நிற்கிறதோ, அவ்வாறே குழாயின் சுவரும் சுற்றுவாட்டில் இழுபட்டு நிற்கிறது. இவ்விழுவிசை ஒரு சதுர மில்லிமீட்டர் உலோகத்தின் மீது எவ்வளவு என்பதையே தகைவு என்கிறோம். மெல்லிய சுவருடைய குழாயில், சுற்றுவாட்டுத் தகைவு நீளவாட்டுத் தகைவைப் போல் இருமடங்கு ஆகும். கொதிநீரில் இட்ட சாசேஜ் எப்போதும் நீளவாக்கிலேயே வெடிப்பதைச் சிறுவர்களும் கண்டிருப்பர். சுற்றுவாட்டு இழுப்பு மிகுதியாக இருப்பதே அதற்குக் காரணம்.

இனி, அக்குழாயில் கிளைக்காக ஒரு துளையிடுகிறோம் எனக் கொள்வோம். துளை இருந்த இடத்து உலோகம் போய்விட்டது. அவ்வுலோகம் தாங்கிய விசை போகவில்லை. அது துளையைச் சுற்றிக்கொண்டு, ஓரத்து உலோகத்தின் மீது கூடுதல் சுமையாக விழுகிறது. ஆற்றின் நடுவே கல் கிடந்தால் நீர் அதன் இரு பக்கங்களிலும் நெருங்கி ஓடுவது போன்றது இது. ஒரு திசையில் இழுக்கப்படும் அகன்ற தகட்டில் வட்டத்துளை இருந்தால், துளையோரத்தில் தகைவு மும்மடங்காகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் கிர்ஷ் 1898-ஆம் ஆண்டு கணக்கால் நிறுவினார். அழுத்தமுள்ள குழாயில் இரு திசைகளிலும் இழுப்பு இருப்பதால், சிறு துளையின் ஓரத்தில் அஃது ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். அத்தகைவு உச்சம் அடையும் இடத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். குழாயின் நீளவாட்டில் துளைக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு புள்ளிகளே அவ்விடம். என் மாணவரின் செயலுக்கு விடை அவ்விரண்டு புள்ளிகளில்தான் இருக்கிறது.

இழந்த உலோகத்துக்கு ஈடாகத் துளையின் அருகிலேயே வேறு உலோகம் சேர்ப்பதற்கு வலுவூட்டல் என்று பெயர். இது நமக்குப் புதியதன்று. சட்டையில் பொத்தான் துளையைச் சுற்றி நூலால் நெருக்கித் தைக்கிறோம். சைக்கிள் டியூபில் காற்றடிக்கும் வால்வு பொருந்தும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே மட்டும் ரப்பர் தடித்திருக்கும். மரத்தின் கிளையும் அடிமரத்தோடு சேரும் இடத்தில் பருத்தே இருக்கிறது. இயற்கையும் தையற்காரரும் சைக்கிள் செய்வோரும் கண்ட வழி ஒன்றே. துளைக்கும் பிரிவுக்கும் அருகில் தடிப்புக் கூட வேண்டும்.

விதி பிறந்த வகை

எவ்வளவு தடிப்புக் கூட்டுவது என்பதை அவரவர் கைப்பழக்கத்திற்கு விட்டிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்தன. 1905-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிராக்டன் நகரத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அங்கே வெடித்தது பழைய கொதிகலத்தின் தகட்டு மூட்டு, கிளைக்குழாய் அன்று. ஆயினும் அழுத்தம் தாங்கும் கலங்களுக்கு எழுதப்பட்ட விதி வேண்டும் என்னும் எண்ணம் அந்நிகழ்ச்சியால் வலுப்பெற்றது. அம்மாநிலம் 1907-இல் சட்டம் செய்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகம் தன் கொதிகலன் விதிநூலை 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளியிட்டது. அழுத்தக் குழாய்களுக்கான விதிநூல் 1935-இல் வந்தது. அதன் வழிவந்த பி31.1 மின்னிலையக் குழாய்களுக்கும், பி31.3 எண்ணெய், வேதித் தொழிற்சாலைக் குழாய்களுக்கும் இன்று உலகின் பல நாடுகளில் வழிகாட்டுகின்றன.

இவ்விதிநூல்கள் கூறும் அடிப்படை விதியைப் பள்ளிக் கணக்காகவே சொல்லிவிடலாம். துளையால் எவ்வளவு பரப்பு உலோகம் இழந்தோமோ, அவ்வளவு பரப்பு உலோகம் துளையின் அருகே மிகையாக இருக்க வேண்டும். இழந்த பரப்பு என்பது, அழுத்தத்தைத் தாங்க வேண்டிய தடிப்பைத் துளையின் அகலத்தால் பெருக்கி வருவது. அருகே என்பதற்கும் எல்லை உண்டு. துளையின் நடுவிலிருந்து இருபுறமும் பெரும்பாலும் துளையின் விட்டமளவு தூரத்துக்குள்ளும், கிளையின் உயரத்தில் சுவர்த்தடிப்பைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வரைக்குள்ளும் உள்ள உலோகமே கணக்கில் சேரும். அதற்கு அப்பால் எவ்வளவு உலோகம் இருந்தாலும் துளைக்கு உதவாது. அண்டை வீட்டில் இருக்கும் குடை மழையில் நனைபவனுக்கு உதவாதது போல.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். 8 அங்குலத் தாய்க்குழாயின் வெளிவிட்டம் 219.1 மி.மீ.; சுவர்த்தடிப்பு 8.18 மி.மீ. கிளை 4 அங்குலம்; அதன் வெளிவிட்டம் 114.3 மி.மீ.; தடிப்பு 6.02 மி.மீ. இரண்டும் 40-ஆம் எண் வரிசையைச் சேர்ந்த கரிமஎஃகுக் குழாய்கள். உள்ளே ஓடுவது 35 பார் அழுத்தமுள்ள நீராவி என்போம். விரல் நகமளவான ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஏறத்தாழ 36 கிலோ எடை அழுத்துவதற்கு இஃது ஒப்பாகும். அவ்வெப்பத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு 130 நியூட்டன் வரை தாங்கலாம் என்று கொள்வோம்.

அழுத்தத்தை வெளிவிட்டத்தால் பெருக்கித் தாங்கும் தகைவின் இருமடங்கால் வகுத்தால் சுவருக்கு வேண்டிய தடிப்புக் கிடைக்கும். விதிநூல் கூறும் சிறு திருத்தத்தையும் சேர்த்தால், தாய்க்குழாய்க்கு 2.92 மி.மீ., கிளைக்கு 1.52 மி.மீ. வேண்டும். கையில் இருப்பதோ 8.18 மி.மீ. என்று மகிழ்ந்துவிடலாகாது. குழாய் ஆலையிலிருந்து வரும்போதே நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கு தடிப்புக் குறைந்திருக்க இடம் உண்டு. ஆகவே 7.16 மி.மீ. என்றே கொள்ள வேண்டும். அதிலும் காலப்போக்கில் துரு அரிக்கும் என்று 1.6 மி.மீ. கழித்தால், மிஞ்சுவது 5.56 மி.மீ. இவ்வாறே கழித்தால் கிளையின் சுவர் 3.67 மி.மீ. ஆகும்.

துளையின் அகலம் 107 மி.மீ. இழந்த பரப்பு 107-ஐ 2.92-ஆல் பெருக்க வரும் 312 சதுர மி.மீ. இனி, மிகையாக இருப்பதைக் கூட்டுவோம். தாய்க்குழாய்ச் சுவரின் மிகைத்தடிப்பு 2.64 மி.மீ.; அதனால் கிடைப்பது 282. கிளையின் சுவரிலிருந்து கிடைப்பது 39. ஆக 321. இழந்தது 312, இருப்பது 321. வலுவூட்டும் உறுப்பு எதுவும் இன்றியே மயிரிழையில் கணக்குத் தேறிவிடுகிறது.

இப்பொழுது ஒன்றை மட்டும் மாற்றுவோம். துரு 1.6 மி.மீ.-இல் நிற்காமல் 3 மி.மீ. வரை அரித்துவிட்டது என்போம். தாய்க்குழாயின் மிகைத்தடிப்பு 1.24 மி.மீ. ஆகச் சுருங்கும். அதனால் கிடைப்பது 136. கிளையிலிருந்து கிடைப்பது வெறும் 8. ஆக 144. துளையும் சற்று அகன்றுவிடுவதால் வேண்டியது 320. குறைவு 176 சதுர மி.மீ. அரித்தது கூடுதலாக 1.4 மி.மீ. மட்டுமே. ஆனால் ஈடு செய்யும் உலோகத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வேண்டிய தடிப்புக்கு மேல் உள்ள மிகை மட்டுமே துளைக்குத் துணை. துரு முதலில் தின்பதும் அம்மிகையையே. புதிய குழாயைப் பார்த்து, ‘இவ்வளவு தடித்த இரும்புக்கு ஒன்றும் ஆகாது’ என்று சொல்வோர் இக்கணக்கை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

மாறான நிலையும் உண்டு. செம்பனை ஆலையில் பழக்குலைகளை அவிக்கும் கலனுக்குச் செல்லும் நீராவி ஏறத்தாழ 3 பார் அழுத்தமே உடையது. அதே 8 அங்குலக் குழாய்க்கு அப்போது அழுத்தத்தின் பொருட்டு வேண்டிய தடிப்பு கால் மில்லிமீட்டர்தான். அங்கே அழுத்தக் கணக்கைப் பொறுத்தவரை வலுவூட்டல் வேண்டுவதில்லை. ஆதலின் எல்லாக் கிளைக்கும் வலுவூட்ட வேண்டும் என்பதும் தவறு. எதற்கும் வேண்டாம் என்பதும் தவறு. கணக்கிட்ட பின்னரே தெரிவு.

நான்கு வழிகள்

முதல் வழி, உறுப்பு எதுவும் இன்றிக் கிளைக்குழாயை நேரே பற்றவைப்பது. மிகைத்தடிப்புத் தாராளமாக உள்ள குறைந்த அழுத்தக் குழாய்களுக்கே இது தகும். செலவு குறைவு, பாதுகாப்பும் குறைவு.

இரண்டாம் வழி, வளையத் தகடு. தொழிலாளர் இதனை ‘பேட்’ என்பர். கிளையின் அடியைச் சுற்றி, தாய்க்குழாயின் வளைவுக்கு ஏற்ப வளைத்த தகடு ஒன்றைப் போர்த்தி, உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் பற்றவைப்பர். நம் கணக்கில் குறைந்த 176 சதுர மி.மீ.-ஐ 8 மி.மீ. தகட்டால் ஈடு செய்ய, கிளையின் இருபுறமும் 11 மி.மீ. அகலம் போதும். வேலை வசதிக்காக இன்னும் அகலமாகவே வெட்டுவர். கிடைக்கும் தகட்டைக் கொண்டு இடத்திலேயே செய்துகொள்ளலாம் என்பதால், பெரிய குழாய்களுக்கு இம்முறை சிக்கனமானது. ஆனால் தகடும் குழாயும் ஒரே உலோகமாக ஒன்றிவிடுவதில்லை. இடையில் சந்து இருக்கும். குழாய் விரைவில் சூடேறும்போது உள்ளிருப்பது முன்னும் மேலிருப்பது பின்னுமாக விரியும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும் இடத்திலும், மிகுந்த வெப்பமுள்ள இடத்திலும் அதனால் விரிசல் தோன்றலாம். மேலும், தகட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை விட வேண்டும் என்பது விதி. பற்றவைக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியேறவும், பின்னாளில் மறைந்திருக்கும் பற்றவைப்புக் கசிந்தால் வெளியே தெரியவும் அத்துளை உதவுகிறது. அழகு கருதி அதனை அடைத்துவிடுவோர் காவற்காரனை உறங்க வைப்பவர் ஆவர்.

மூன்றாம் வழி, ‘டீ’ எனப்படும் முவ்வாய்க் குழாய். தாய்க்குழாயை முற்றும் வெட்டி, இடையில் இதனை வைத்து மூன்று வாய்களையும் பற்றவைப்பர். வளைவுகள் வழவழப்பாகவும், தடிப்பு வேண்டிய இடத்தில் மிகுந்தும் இருக்கும். பற்றவைப்புகள் எல்லாம் நேர்முனைகளில் அமைவதால், ஊடுகதிர்ப்படம் எடுத்துச் சோதிப்பது எளிது. கிளையும் தாயும் ஒரே அளவாகவோ கிட்டத்தட்ட ஒரே அளவாகவோ இருந்தால் இதுவே சிறந்தது. தாய்க்குழாய் 24 அங்குலமும் கிளை 2 அங்குலமுமாக இருக்குமிடத்தில் இதனைத் தேடுவது, கொசுவை அடிக்கக் கோடரி தேடுவது போலாகும்.

நான்காம் வழியே நம் மாணவர் கையாண்டது. அடித்துருவாக்கிய எஃகினால் ஆன தடித்த உறுப்பு இது. இதன் அடி தாய்க்குழாயின் முதுகில் குதிரைச் சேணம் போல் அமரும். மேல்வாய் கிளைக்குழாயோடு பொருந்தும். ஈடு செய்ய வேண்டிய உலோகம் முழுவதும் உறுப்பின் பருத்த உடலிலேயே அடங்கியுள்ளது. தொழிலிடங்களில் ‘ஓலெட்’ என்று பொதுவாக வழங்குவர். நேர்முனையில் பற்றவைப்பது வெல்டோலெட். கிளைக்குழாயை உள்ளே செருகிப் பற்றவைப்பது சாக்கோலெட். திருகிப் பொருத்துவது திரெடோலெட். 45 பாகை சாய்ந்து பிரிவது லாட்ரோலெட். வளைகுழாயின் முதுகில் அமர்வது எல்போலெட். இப்பெயர்கள் அமெரிக்காவின் பானி ஃபோர்ஜ் நிறுவனத்துக்குரிய வணிகக் குறிகள். ஆயினும் பேச்சுவழக்கில் எல்லா நிறுவனத்தாரின் உறுப்புக்கும் வழங்கிவிட்டன. இவற்றின் அளவையும் சோதனையையும் எம்.எஸ்.எஸ். எஸ்.பி-97 என்னும் தரநூல் வகுக்கிறது. கிளை தாயை விடத் தெளிவாகச் சிறியதாகவும், அழுத்தமும் வெப்பமும் மிகுதியாகவும் உள்ள இடத்திற்கு இவை ஏற்றவை.

தெரிவுக்கு ஐந்து கேள்விகள்

இந்நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்க, விலைப்பட்டியலைத் திறக்கும் முன் ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

ஒன்று: கிளைக்கும் தாய்க்கும் அளவு விகிதம் என்ன? இரண்டும் நெருங்கிய அளவினவாயின் ‘டீ’. கிளை மிகச் சிறியதாயின் ஓலெட். கிளை 2 அங்குலத்துக்கு மிகாமலும், தாயின் அளவில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாமலும் இருந்து, 3000 வகுப்புக்குக் குறையாத இணைப்புக் குழல் பற்றவைக்கப்பட்டால், தனிக் கணக்கு வேண்டுவதில்லை என்று பி31.3 சலுகை தருகிறது.

இரண்டு: அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு? அன்றாட ஓட்டத்தின் அளவை மட்டும் பார்ப்பது போதாது. அக்குழாய் எந்த உச்ச அளவுக்கு வகுக்கப்பட்டதோ அதனைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

மூன்று: உள்ளே ஓடுவது எது? அரிக்கும் பொருளாயின், செருகு முனையில் எஞ்சும் இடுக்கிலும் திருகு மரையின் பள்ளத்திலும் அரிப்புக் கூடுகட்டும். மரை வெட்டும்போதே சுவரின் தடிப்புக் குறைகிறது என்பதையும் மறத்தல் கூடாது. எரியும் பொருளும் நச்சுப் பொருளும் செல்லும் இடத்தில் நேர்முனைப் பற்றவைப்பே நம்பத்தக்கது.

நான்கு: சூடும் குளிர்ச்சியும், அதிர்வும் ஓய்வும் மாறி மாறி வருமா? வருமாயின் உலோகம் களைத்துப்போகும். ஒருமுறை தாங்கும் சுமையை ஆயிரமாயிரம் முறை தாங்காது. 1954-ஆம் ஆண்டு இரண்டு காமெட் வானூர்திகள் நடுவானில் சிதைந்தமைக்கு, உள்ளழுத்தம் ஏறி இறங்கியதால் உடற்கூட்டில் உண்டான களைப்பே காரணம் என்று ஆராய்ந்து கண்டனர். கடலிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்றில், கூரையில் வெட்டிய திறப்பின் மூலையிலிருந்து விரிசல் ஓடியிருந்தது. இத்தகைய இடங்களில் வளையத் தகட்டைத் தவிர்த்து, ‘டீ’யையோ, தாய்க்குழாயின் சுவரோடு வழுவழுப்பாகக் கலந்துவிடும் ஸ்வீப்போலெட் போன்ற உறுப்பையோ கொள்வது நன்று.

ஐந்து: பற்றவைப்பை எவ்வாறு சோதிக்கப் போகிறோம்? சேணம் போன்ற மூட்டை ஊடுகதிரால் தெளிவாகப் படம் பிடிப்பது அரிது. சாயம் ஊடுருவும் சோதனை, காந்தத் துகள் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவற்றுள் தக்கதை முன்னரே தீர்மானிக்க வேண்டும். சோதிக்க இயலாத மூட்டை நம்பிக்கை ஒன்றையே கொண்டு ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

ஓலெட்டுக்கு ஆணை எழுதும்போது இரண்டு அளவுகளையும் எழுத வேண்டும். தாயின் அளவு முதலில், கிளையின் அளவு பின்னர்: 8-க்கு 4 என்பது போல. அதனோடு தடிப்பு வரிசை அல்லது வகுப்பு, முனையின் வகை, எஃகின் தரம் ஆகியவையும் வேண்டும். கரிமஎஃகுக்கு ஏ105 என்பது பரவலாக வழங்கும் தரம். உறுப்பு வந்து சேர்ந்ததும், அதன் உடலில் பொறித்துள்ளதையும் ஆணையில் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையில் எடுக்க வேண்டும்.

மாணவருக்கு விடை

இனி, என் மாணவரின் கேள்விக்கு வருவோம். 6 அங்குலக் குழாயின் வெளியாரம் 84 மி.மீ.; 8 அங்குலக் குழாயினது 109.5 மி.மீ. 6 அங்குலத்துக்கு வெட்டிய சேணம், 8 அங்குல முதுகுக்கு மிகவும் வளைந்தது. அதனை அமர்த்தினால், பக்கவாட்டில் தொங்கும் இரு காதுகள் மட்டும் குழாயைத் தொடும். முதுகின் உச்சியில் இடைவெளி விழும். கிளையின் வெளிவிட்ட அளவில் கணக்கிட்டாலே அவ்விடைவெளி 6 மி.மீ.-க்கு மேல் வருகிறது. உறுப்பின் அடி கிளையை விட அகன்றது. ஆகவே உண்மையில் இன்னும் மிகும். அடுத்தடுத்த சில அளவுகளுக்கு ஒரே உறுப்பு பொருந்தும் என்று செய்வோர் பட்டியலில் கூறுவது உண்டு. ஆனால் அங்கும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாது.

அவ்விடைவெளி விழும் இடத்தைப் பாருங்கள். முதுகின் உச்சியில், நீளவாட்டில், துளைக்கு முன்னும் பின்னும். தகைவு உச்சம் அடையும் அதே இரண்டு புள்ளிகள்! உலோகம் மிகுதியாக வேண்டிய இடத்தில் உறுப்பு இல்லை. வெறும் வெல்டிங் நிரப்பே இருக்கும். காதுகளைத் தேய்த்து உறுப்பைக் கீழே இறக்கலாம் என்றால், தேய்த்து எறிவது ஈடு செய்ய வந்த உலோகத்தையே ஆகும். மேலும், பற்றவைப்பு அடிவரை ஊடுருவி, உறுப்பின் சரிந்த விளிம்பு முழுவதும் நிரம்பினால்தான் உறுப்பும் குழாயும் ஓருடல் ஆகும். அகன்ற இடைவெளியில் அடிப்பக்கம் ஒழுகியும் இடையிடையே வெற்றிடம் விட்டும் பற்றவைப்பு நிற்கக்கூடும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அஃது அழகிய மூட்டாகவே தோன்றும்.

நீரழுத்தச் சோதனையில் பிடிபட்டிருக்குமே என்று கேட்கலாம். வகுத்த அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு நீர் ஏற்றிச் சோதிப்பது வழக்கம். அச்சோதனை அன்றைய வலிமையை மட்டும் காட்டும். ஐந்தாண்டுத் துருவையும், பல்லாயிரம் முறை ஏறி இறங்கும் வெப்பத்தையும் ஒரு நாளில் காட்ட அதனால் இயலாது. ஆகவே அவர் மறுத்தது சரி. பொறியாளரின் எழுத்தைக் கேட்டது அதைவிடச் சரி. கணக்கிட வேண்டியவர் கணக்கிடாமல் விட்டதை, கருவி பிடித்தவர் கைத்திறனால் மறைத்துவிட முடியாது. மறைத்திருந்தால், அக்குழாயின் கீழே நாள்தோறும் நடந்து செல்வோர் யாரும் அறியாமல் அந்த இடைவெளியின் கீழேயே நடந்திருப்பர்.

வலுவூட்டல் காக்காதது

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். மேற்கூறிய கணக்கு உள்ளழுத்தத்துக்கு மட்டுமே உரியது. அதிரும் எந்திரத்தின் அருகே, முக்கால் அங்குலக் கிளை ஒன்றின் நுனியில் கனமான வால்வைத் தொங்கவிட்டால், பரப்புக் கணக்கு எவ்வளவு நன்றாகத் தேறியிருந்தாலும் கிளை அடியில் முறியும். அங்கே வேண்டுவது குட்டையான கிளையும், இலேசான வால்வும், தாய்க்குழாயிலிருந்தே எடுத்த தாங்குகட்டையுமாம். தரையிலிருந்து முட்டுக் கொடுத்தால், தாய் ஒரு பக்கமும் கிளை ஒரு பக்கமுமாக அசைந்து கேடு மிகும். கிளையைத் தாங்கும் உரிமை தாய்க்கே உண்டு போலும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரப்பளவும் விகிதமும் கற்பிக்கும் நாளில், பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். வால்வின் அடியைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கட்டும். அங்கே ஏன் தடித்திருக்கிறது என்று கேளுங்கள். துளை, தடிப்பு, ஈடு என்னும் மூன்று சொற்களும் அவர்களுக்குத் தெரிந்தவையே. பின்னொரு நாள் ‘நிரப்பிவிடு’ என்று யாரேனும் அவர்களிடம் சொல்லும்போது, ஏன் கூடாது என்பதைத் தாய்மொழியில் தெளிவாக எடுத்துரைக்க அம்மூன்று சொற்களும் துணை நிற்கும்.

என் மாணவர் இப்பொழுது வேறோர் இடத்தில் வேலை பார்க்கிறார். மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.